மதி என்று டீச்சர் சொன்ன நாள்

தூணில் நிறுத்தி உயரம் அளக்கிற வேலையை இந்த வருசம் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பந்து பொறுக்கிப் போடுவது, தளத்தைப் பெருக்குவது, வருகிற பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, போகிறவர்களைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவது எல்லாம் இனி நீங்கள்தான். நான் இருபத்தாறு வருசம் பார்த்த வேலை அது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஓய்வு பெற்ற அன்றைக்கு மைக்கைக் கையில் கொடுத்தார்கள், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். எருத்தேன்பதியில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்த எழுத்து. பிழை இருந்தால் நீங்களே சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

கோடு எப்படிப் போடுவது, வலை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வந்தது செலக்‌ஷன் நாளைப் பற்றி. நம் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதுப் பிள்ளைகளைப் பார்த்து எடுக்கிற நாள். பார்த்து எடுப்பது கோச்சின் வேலை, நமக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் காலத்துக் கோச் ஒரு டீச்சர். திருச்சூர்ப் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச மாட்டார். எனக்கு மலையாளம் புரியும், அவசியம் என்றால் பேசுவேன். அவருக்கும் பேச்சு குறைவு, எனக்கும் குறைவு. "நீங்க ரெண்டு பேரும் கண்ணாலயே வேலை வாங்கிக்கறீங்க" என்று கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ராவுத்தர் கேலி செய்வார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

செலக்‌ஷன் நாளில் டீச்சர் வாயிலிருந்து இரண்டு வார்த்தைதான் வரும். ஒரு பிள்ளையை இன்னும் பார்க்க வேண்டும் என்றால் "நிக்கட்டெ" என்பார். நிற்கட்டும் என்று அர்த்தம். பார்த்தது போதும் என்றால் "மதி" என்பார். நிக்கட்டெ என்றால் அந்தப் பிள்ளையை வேப்ப மரத்து நிழலில் உட்கார வைப்பேன். மதி என்றால் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கையில் கொடுத்து, "போயிட்டு வா கண்ணு, தகவல் வரும்" என்பேன். தகவல் வராது என்று எனக்குத் தெரியும். கேட்டைத் தாண்டுவதற்குள் அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

நான் சொல்லப்போகிற அந்த ஆனி மாதம் நம் பக்கம் மழை பிந்திவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் வழக்கம்போல வந்துவிட்டது. பக்கத்துக் காட்டில் உழவு ஓட்டியிருந்தார்கள். அந்தப் புழுதி முழுவதும் நம் தளத்தில்தான் வந்து படிந்தது. கூடையைக் குறிபார்த்து எறிகிற பந்தைக் காற்று ஒரு முழம் கிழக்கே தள்ளிவிடும். வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்து கோட்டைத் தாண்டி உழவுக்காட்டில் போய் விழும். காலை ஒன்பதரையிலிருந்து அந்தக் காட்டுக்கும் தளத்துக்குமாக நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிவாக்கில் ஒரு தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். மூணாற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். விடியற்காலை முதல் பஸ்ஸில் உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சி வந்து, பார்டர் தாண்டி நம் கொல்லங்கோட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மா கொழுந்து கிள்ளுகிறவர், ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர். மகள் பேர் முருகேஸ்வரி.

கூட வருகிறவர்களை நான் உள்ளே விடுவதில்லை. அப்பாக்கள் கோட்டோரம் நின்றுகொண்டு "எறி, எறி" என்று கத்துவார்கள், பிள்ளைகள் பயந்துபோகும். அதனால் அந்த அம்மாளையும் ராவுத்தர் கடை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனேன்.

தூணில் டீச்சர் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கூடை மாட்டின போஸ்ட்டின் கீழே நின்று ஆடுகிற பிள்ளை அந்தக் கோட்டைத் தொட வேண்டும். முருகேஸ்வரி தன் விண்ணப்பத்தில் அந்த இடத்துக்குத்தான் எழுதியிருந்தாள்.

"ஷூவைக் கழட்டிட்டு நில்லு கண்ணு" என்றேன்.

"ஷூவோட அளங்கக்கா. ஒரு விரக்கடை கூடக் கெடைக்கும்" என்று சிரித்தாள்.

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். இடது ஷூவின் அடியில் டயர்த் துண்டு வைத்துத் தைத்திருந்தது. தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. ஷூவோடு அளந்தாலும் மூன்று விரல் குறையும். பாவம், இத்தனை தூரம் வந்திருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நிமிசமே எனக்குள் அவளுக்கு முடிவு எழுதிவிட்டேன் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசிக் கூட்டத்தில் அவளை இறக்கினார் டீச்சர். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நான் கோட்டோரம் உட்கார்ந்து, யார் எத்தனை கூடை போடுகிறார்கள் என்று விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். முருகேஸ்வரி ஒன்றும் போடவில்லை. எறியக்கூட இல்லை. கைக்கு வந்த பந்தையெல்லாம் உடனே யாருக்காவது கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறாள். மூன்று நிமிசம் இருக்கும். டீச்சர் விசிலை ஊதினார். அவளைப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதினார்.

"மதி" என்றார்.

வழக்கமாகச் சொல்வதைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். எனக்கு ஏதோ ஒன்று இடித்தது. "ஏனுங்க டீச்சர், அனுப்பிடட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பின்னாலேயே நாலு எட்டு போனேன். கூச்சம். இத்தனை வருசம் கேட்காமலே செய்தவள் இன்றைக்குப் போய்க் கேட்பதா என்று திரும்பி வந்துவிட்டேன்.

சர்ட்டிபிகேட்டைக் கையில் கொடுத்தேன். "போயிட்டு வா கண்ணு, தகவல் வரும்."

"ஒரு கூடையும் போடல. அதானேக்கா?" என்றாள்.

நான் கேட்டைத் திறந்துவிட்டேன். தாயும் மகளும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தேன். புழுதி மேல் காலடிகள் அப்படியே இருந்தன. பெருக்குகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கிற காட்சி அது. நீங்களும் போகப்போகப் பார்ப்பீர்கள். போஸ்ட்டின் கீழே அந்த டயர்த் துண்டின் வரி பதிந்திருந்தது. அதன் மேலே மற்றப் பிள்ளைகளின் கால்கள் மிதித்திருந்தன. இரண்டு எட்டு தள்ளிப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். முதலில் அந்த வரி, அதன் மேலே மற்றவர்கள். எதிர்ப் போஸ்ட்டுக்கு நடந்தேன். அங்கேயும். பந்து வந்து விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அவள்தான் முதலில் வந்து நின்றிருக்கிறாள். பந்து விழுவதற்கு முன்னால் வந்து நின்றிருக்கிறாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து ஓடி ஓடி என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த மூன்று நிமிசம் மட்டும் நான் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். கூடை எண்ணிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் காற்றில், ஒரு பந்துகூடக் கோட்டைத் தாண்டி உழவுக்காட்டுக்குப் போகவில்லை.

பெருக்க மனசு வராமல் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கோவிலில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது அந்தத் தளம்.

டீச்சர் கையில் பட்டியலோடு வந்தார். "சேச்சி, ஆ குட்டியெ விளிக்கு. ஒப்பிடணம்." கூப்பிடு, கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்.

"எந்தக் குட்டிங்க டீச்சர்?"

"பந்து விடாத்த குட்டி."

இந்த இடத்தை உங்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். அவள் தானாகவே கிளம்பிப் போய்விட்டாள் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. டீச்சர் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த பிள்ளையை எழுதிக்கொள்வார். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பழகின காரியம்தானே.

"நான் அனுப்பிட்டனுங்க" என்றேன். "நீங்க மதின்னு சொன்னீங்க."

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு அப்படியே சிமெண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மதி வேறு மதி. இவள் போதும், அந்த இடத்துக்கு இனி யாரையும் பார்க்கவே வேண்டாம் என்கிற மதி. சொல் ஒன்றுதான். எஸ்டேட்டிலிருந்து வந்த பிள்ளை அதைக் கேட்டுத் தலையைத் தொங்கப்போட்டாள். நானும் அதை வேண்டாம் என்றுதான் கேட்டேன்.

நாலு மணிக்குள் பட்டியல் ஆபீசுக்குப் போக வேண்டும். அதில் பிள்ளையின் கையெழுத்து வேண்டும், கூடவே அசல் சர்ட்டிபிகேட் வேண்டும். இரண்டும் பார்டரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மணி ஒன்றே முக்கால். விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்கு டீச்சர் போன் செய்தார். அப்பா எடுத்தார். அங்கே மழை கொட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"அவுக அங்கனதான இருக்காக? போனு ஒண்ணுதான், எங்கிட்ட இருக்கு" என்றார் அவர்.

டீச்சர் மத்தியானக் கூட்டத்தை விட்டு நகர முடியாது. "நான் போறனுங்க" என்று சொன்னது நான்தான். என் வாயா அது என்று எனக்கே இருந்தது.

ராவுத்தரிடம் சாமான் ஏற்றுகிற பெட்டி ஆட்டோ ஒன்று உண்டு. கேட்டைத் தாண்டி ஓடினேன்.

"என்னக்கா, கிரவுண்டுல பாம்பா?" என்றார் ராவுத்தர்.

"வண்டிய எடுங்க ராவுத்தரே. கோவிந்தாபுரம் போகோணும்."

"வருசத்துக்கு ஒரு வார்த்தை பேசற ஆளு அஞ்சு வார்த்தை பேசிட்டீங்க. ஏதோ பெரிய காரியந்தான்." பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

கொல்லங்கோட்டிலிருந்து அவர்கள் ஏறின பஸ் பார்டரில் இருக்கிற கோவிந்தாபுரத்தோடு நின்றுவிடும். செக்போஸ்ட்டை நடந்து தாண்டி அந்தப் பக்கம் பொள்ளாச்சி பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ்ஸும் கிளம்பிவிட்டால் எங்கே போய்ப் பிடிப்பது? எதிர்க்காற்று இல்லாதது ஒன்றுதான் எங்களுக்கு அனுகூலம். மாந்தோப்புகளைத் தாண்டி அந்த வண்டி குதித்துக் குதித்துப் போனது. வழி நெடுக ராவுத்தர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் என்ஜினைப் போட்டு நின்றிருந்தது. அம்மா ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். மகள் உள்ளே ஏறிவிட்டாள்.

"ஏனுங்கம்மா! முருகேஸ்வரி அம்மா! இறங்குங்க!" நான் ரோட்டில் கத்தினது அன்றைக்கு ஒருநாள்தான்.

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏதாச்சும் விட்டுட்டு வந்துட்டமா?"

"பிள்ளையை டீச்சர் எடுத்துட்டாங்க. வாங்க, கையெழுத்துப் போடோணும்."

"இதென்ன கூத்தாருக்கு? மூணு நிமிசத்துல போதும்னு வெரட்டி விட்டீக. இப்பத் தொரத்திக்கிட்டு வாரீக." குரல் உயர்ந்துவிட்டது. "இந்த பஸ்ஸ விட்டா உடுமலையில மூணாறு வண்டி போயிரும். நாளைக்கு நான் வேலைக்கு நிக்கலைன்னா சூப்பர்வைசருக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

கண்டக்டர் படியில் வந்து நின்றார். "ஏறுங்க, இல்லீன்னா இறங்குங்க. வண்டிய எடுக்கோணும்."

அந்த அம்மாள் சொன்னது நியாயம். இறங்கிவிட்டு நான் சொன்னது பொய்யானால், அவர்களுக்கு அன்றைக்கு வீடு போய்ச் சேர வழியில்லை. ஒரு தடவை வந்தது வீணாயிற்று. இரண்டாம் தடவையும் நம்பச் சொல்லி நான் நிற்கிறேன். உள்ளே முருகேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"கண்ணு, தப்பு என்னுது. டீச்சர் நீ வேணும்னு சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னு கேட்டுட்டேன். உன் உயரத்தைப் பாத்தேன், கூடைய எண்ணினேன். உன்னையப் பாக்கல."

அவள் திரும்பினாள். "நான் ஒண்ணுமே போடலையேக்கா."

"நீ ஆடின மூணு நிமிசமும் நான் ஒரு பந்துக்குக்கூட எந்திரிக்கல. அதெப்படிக் கண்ணு?"

அவள் முகம் கொஞ்சம் இளகிற்று. "எங்க கிரவுண்டு மேட்டுல இருக்குக்கா. பந்தை விட்டா தேயிலைக்குள்ள உருண்டு ஆத்துல போய் விழும். ஒரே பந்து. அதான் விடப்படாது."

ராவுத்தர் இதற்குள் டீச்சருக்குப் போன் போட்டு, அம்மாளின் கையில் கொடுத்துவிட்டார். டீச்சர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் மலையாளம் அறிந்தவர். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "செரி டீச்சர்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராத்திரிக்கு எங்கன தங்குறது?"

"எங்கூட்ல தங்கிக்கலாங்க. காலையில முதல் பஸ்ஸுக்கு நானே கொண்டாந்து ஏத்தி விடறேன்."

"ஏட்டி, எறங்கு" என்றார் மகளிடம்.

"இத முன்னாலயே பேசி முடிவு பண்ணக் கூடாதாக்கும்" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். ஆனால் அவள் இறங்கும் வரைக்கும் வண்டியை நிறுத்தித்தான் வைத்திருந்தார்.

பெட்டி ஆட்டோவில் பின்னால் தேங்காய் மூட்டைகளின் மேல் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து வந்தோம். இப்போது எதிர்க்காற்று. மூன்றே முக்காலுக்குக் கேட்டில் இறங்கினோம். முருகேஸ்வரி ஆபீஸ் வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். டீச்சர் பட்டியலை உள்ளே கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

எனக்குத் திட்டு விழும் என்று ஒதுங்கி நின்றேன். அவர் என் பக்கத்தில் வந்து, தனக்கும்தான் தப்பு, ஒற்றை வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாது என்றார். இனிமேல் நீங்கள் கேட்காமல் யாரையும் அனுப்ப வேண்டாம், நானும் சொல்லாமல் போக மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்டேன். "அனுப்பட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?" முதல் வருசம் கேட்கும்போதெல்லாம் காது சூடாகும். நீங்களும் கேளுங்கள். கேட்டால் நம்மை ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். நம் கையில் இருப்பது பந்து மட்டும் இல்லை.

பிறகு டீச்சர், "சேச்சி, பந்து எடுக்கு" என்றார். அவருக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. பட்டியலுக்காக அல்ல. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

முருகேஸ்வரி ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு தளத்துக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால், அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார். காலையிலும் நான் அவரைக் கேட்டுக்கு வெளியில்தான் நிறுத்தினேன்.

"உள்ள வாங்கம்மா" என்றேன்.

"வரலாமாக்கா?"

மகள் ஆடி அந்த அம்மாள் ஒருநாளும் பார்த்ததில்லையாம். ஆட்டம் நடப்பது வேலை நேரத்தில். கொழுந்தை விட்டுவிட்டு யார் போவது? என் பக்கத்தில் கோட்டோரம் ஒண்டி உட்கார்ந்தார். கூட வருகிறவர்களை வெளியே நிறுத்துகிற வழக்கத்தை நான் அன்றைக்கு விட்டேன். நீங்களும் நிறுத்தாதீர்கள். கத்துகிற அப்பாவை வேண்டுமானால் தனியாகச் சமாளித்துக்கொள்ளலாம்.

டீச்சர் வேண்டுமென்றே தப்பாக எறிந்தார். வளையத்தின் இடப்பக்கம், வலப்பக்கம், பலகையின் விளிம்பு. காற்று அதை இன்னும் கெடுத்துக் கொடுத்தது. பந்து டீச்சர் கையை விட்டுக் கிளம்பும்போதே அந்தப் பிள்ளை ஓட ஆரம்பித்திருந்தாள். பந்தை அவள் பார்க்கிறாளா, காற்றைப் பார்க்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குட்டை உடம்பு எழும்பி, விழப்போகிற பந்தைக் கிளையிலிருந்து பழம் பறிக்கிற மாதிரி எடுத்தது. ஒரு தடவை முழங்காலில் சறுக்கிப் போய் எடுத்தாள்.

"தெனமும் மொழங்காலத் தேச்சுக்கிட்டு வருவா" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். "எங்கயோ மரமேறி விழுந்துட்டு வாரான்னு அடிச்சிருக்கேன்க்கா. அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

டீச்சர் கடைசியாக ஒன்றை ஓங்கி எறிந்தார். பலகையின் மேல் மூலையில் பட்டு, காற்றில் சிக்கி, உழவுக்காட்டைப் பார்த்து உயரமாகப் போனது. அது போனதுதான் என்று நான் எழுந்தேன்.

அந்த அம்மாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க உக்காருங்கக்கா," என்றார். "அவ எடுத்துருவா."